அறுபதாம் கல்யாணம்

போன மாதம் சூலூரிலிருந்து ஒரு பத்திரிகை வந்தது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவின மணிவிழாப் பத்திரிகை. பெயரைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்து, "அறுபதாங் கல்யாணப் பத்திரிகைல சிரிக்கிறதுக்கு என்னங்க இருக்குது?" என்றாள். அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

பத்திரிகை அனுப்பியவன் என்னோடு கோவையில் காலேஜ் படித்தவன். அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் 'அறுபது'. இருபது வயதுப் பையனுக்கு அப்படி ஒரு பெயர். "என்னடா அறுபது, எப்படா கல்யாணம்?" என்று கேட்டுக் கேட்டு அந்த ஜோக்கை நாங்கள் தேய்த்தே விட்டோம். இப்போது நிஜமாகவே அவனுக்கு அறுபது முடிந்து, நிஜமாகவே கல்யாணம்.

பத்திரிகை வந்த அதே வாரத்தில் இன்னொன்றும் வந்தது. தங்கை மகள் அமெரிக்காவில் மிச்சிகன் பக்கம் படிக்கிறாள். அவள் ஓடுகிறவள் இல்லை, பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓட மாட்டாள். கூடத் தங்கியிருக்கிற பெண் காலேஜ் டீமில் இருக்கிறாளாம். அவள் ஓடுவதை வேடிக்கை பார்க்கப் போன இடத்திலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ. "மாமா, நீங்களும் காலேஜ்ல ஓடுனீங்கன்னு அம்மா சொன்னாங்க. இத பாருங்க!"

பார்த்தேன். வெளியே முழங்கால் உயரத்துக்குப் பனி. உள்ளே பிரம்மாண்டமான ஒரு கொட்டகை. அதற்குள் 200 மீட்டர் சுற்றளவில் ஓடுபாதை. வெளியில் நாம் பார்க்கிற 400 மீட்டர் ட்ராக்கில் சரிபாதி. சுற்று சிறியது என்பதால் திருப்பங்கள் இறுக்கமாக இருக்கின்றன. வேகமாக வருகிறவன் வெளியே தூக்கி வீசப்படாமல் இருக்க, வளைவில் தரையையே சாய்த்து வைத்திருக்கிறார்கள். பொருட்காட்சியில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற மரணக் கிணறு பார்த்திருப்பீர்கள் அல்லவா, அதன் சாது வடிவம். நடுவில் நேராக ஒரு பாதை. எட்டுப் பெண்கள் குனிந்தார்கள். டப். அவ்வளவுதான், ஏழெட்டு விநாடியில் ரேஸ் முடிந்துவிட்டது. முடிந்ததும் ஒருத்திகூட நிற்கவில்லை. அதே வேகத்தில் போய் எதிர்ச் சுவரில் சாத்தியிருந்த தடித்தடி மெத்தைகளில் 'தொம் தொம்' என்று மோதினார்கள். மோதி, திரும்பி, சிரித்தார்கள்.

அந்த 'தொம்' சத்தத்தில் எனக்கு நாற்பது வருடம் கழன்று விழுந்தது.

இதை அங்கே 'இண்டோர் சீசன்' என்கிறார்கள். டிசம்பரில் தொடங்கி மார்ச்சில் முடியும். பனி பெய்து மைதானமெல்லாம் மூடிக்கொள்கிற மாதங்களில் காலேஜ் டீம்கள் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது என்று ஏற்பட்ட வழக்கம். நியூயார்க்கில் மில்ரோஸ் கேம்ஸ் என்ற இண்டோர் போட்டியை 1908-லேயே ஆரம்பித்துவிட்டார்கள். அமெரிக்கக் கல்லூரிகளுக்கென்று தனி இண்டோர் தேசியப் போட்டி 1965-லிருந்து நடக்கிறது. கூரைக்கு அடியில் நூறு மீட்டர் நேராக ஓட இடம் கிடைப்பது கஷ்டம். ஓடினால் மட்டும் போதாது, முடிந்த பிறகு நிற்பதற்கும் பத்துப் பதினைந்து மீட்டர் வேண்டும். அதனால் நூறை வெட்டி அறுபதாக்கிவிட்டார்கள். உள்ளே 60 மீட்டர்தான் மின்னல் ஓட்டம். இதில் ஆண்களுக்கான உலக சாதனை, அமெரிக்காவின் கிறிஸ்டியன் கோல்மன் 2018-ல் ஓடிய 6.34 விநாடி. நீங்கள் இந்த வாக்கியத்தைப் படித்து முடிப்பதற்குள் அவர் மெத்தையில் மோதியிருப்பார்.

உலக இண்டோர் சாம்பியன்ஷிப் என்ற பெயரில் முதல் போட்டி நடந்தது 1987 மார்ச்சில், இண்டியானாபொலிஸ் நகரில். இந்த மாதத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேண்டியிருக்கும்.

கோவைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் பனி பெய்யாது. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடிக்கும். வருடம் முழுக்க அளந்து அளந்து பெய்கிற ஊரில், அந்த இரண்டு மாதம்தான் வானம் கொஞ்சம் தாராளம் காட்டும். பல்கலைக்கழக மீட் எங்களுக்கு ஜனவரியில். அப்படியானால் பிராக்டீஸ் உச்சத்தில் இருக்க வேண்டிய மாதம் எது? சரியாக அந்த மழை மாதம்தான். அன்றைக்கு எங்கள் காலேஜ் மைதானம் செம்மண்ணும் கரித்தூளும். ஒரு ராத்திரி மழை பெய்தால் மூன்று நாளைக்கு எருமை மட்டும்தான் இறங்கலாம்.

1986 அக்டோபரில் எங்கள் பி.டி. சார் ஒரு வழி கண்டுபிடித்தார். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூற்பாலை. அங்கே அவருக்கு வேண்டியவர் ஒருவர் ஸ்டோர்ஸில் இருந்தார். புதுப் பஞ்சு வந்து நிறைவதற்கு முந்தின மாதங்கள் என்பதால் பஞ்சுக் குடோன் பாதி காலி. "சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல ஒரு மணி நேரம். சத்தம் கூடாது, எச்சில் துப்பக் கூடாது, முக்கியமா எவனும் தீப்பெட்டி கொண்டு வரக் கூடாது." இதுதான் ஒப்பந்தம். அறுபதின் அப்பாவும் அதே மில்லில் ரிங் ஃபிரேமில் வேலை. மகன் குடோனில் ஓடுகிறான் என்பதைப் பார்க்க ஷிப்ட் முடிந்து ஒருநாள் வந்து வாசலில் நின்றார். தலையெல்லாம் பஞ்சு ஒட்டி, இளம் நரை மாதிரி. ஒன்றும் சொல்லவில்லை. போய்விட்டார்.

குடோன் எப்படி இருக்கும் தெரியுமா? உயரத்தில் ஓட்டுக்கூரை, அதில் இரண்டு கண்ணாடி ஓடுகள், அதன் வழியாக விழுகிற கொஞ்சம் வெளிச்சம். கீழே சிமென்ட் தரை. காற்றில் எப்போதும் பஞ்சின் அந்த லேசான எண்ணெய் வாசனை. டேப் வைத்து அளந்தோம். சுவருக்குச் சுவர் 70 மீட்டருக்குக் கொஞ்சம் கூட. ஆரம்பிக்க ஒரு மூன்று, ஓட அறுபது, மிச்சம் ஒரு ஏழெட்டு. அந்த மிச்சத்தில் நிற்க முடியாது. நின்றால் முட்டி போகும், நிற்காவிட்டால் மூஞ்சி போகும். பி.டி. சார் யோசித்தார். எதிர்ச் சுவரை ஒட்டி பஞ்சு பேல்கள் இரண்டு வரிசை அடுக்கியிருந்தது. ஒரு பேல் 170 கிலோ. இறுக்கிக் கட்டியதுதான், ஆனாலும் பஞ்சு பஞ்சுதானே. அதற்கு முன்னால் காலிச் சாக்குகளை மடித்துத் தொங்கவிட்டார். "ஓடு. நிக்காதே. போய் அதுல முட்டு."

ஆக, மிச்சிகனில் பல கோடி செலவில் செய்திருப்பதை நாங்கள் சிங்காநல்லூரில் சாக்கு போட்டுச் செய்திருந்தோம். என்ன, அது எங்களுக்குத் தெரியாது.

தீப்பெட்டியே கூடாது என்கிற இடத்தில் ஸ்டார்ட்டர் துப்பாக்கி வெடிக்க முடியுமா? இரண்டு பலகைத் துண்டுகளை கீல் போட்டு இணைத்த கிளாப்பர்தான். அதையும் மெதுவாகத்தான் தட்டுவார், மில்காரர்களுக்குத் தொந்தரவாகிவிடும் என்று. ஸ்பைக்ஸ் போட முடியாது. இரும்பு ஆணி சிமென்டில் உரசினால் பொறி பறக்கும். வாசலில் வாட்ச்மேன் எங்கள் பைகளைத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார். வெறுங்கால், அல்லது கேன்வாஸ் ஷூ. ஸ்டார்ட்டிங் பிளாக்கையும் சிமென்டில் அடிக்க முடியாதே? அதற்கு ஓர் ஆள் வேண்டும். ஓடுகிறவனுக்குப் பின்னால் அவன் காலை முட்டுக்கொடுக்கிற மாதிரி தன் பாதங்களை வைத்து அசையாமல் நிற்க ஓர் ஆள்.

அந்த ஆள் நான்.

நான் 400 மீட்டர்காரன். ரொம்ப சுமார். பி.டி. சார் என்னை டீமில் வைத்திருந்ததற்குக் காரணம் என் எடை என்று இப்போது தோன்றுகிறது. எழுபத்திரண்டு கிலோ. உதைத்தால் நகர மாட்டேன். மற்றவர்கள் உதைத்துக் கிளம்பும்போது ஒரு தள்ளு மாதிரி இருக்கும். அறுபது கிளம்பினால் மட்டும் யாரோ சுத்தியலால் என் கட்டைவிரலில் போட்ட மாதிரி இருக்கும். அந்த சீசன் முடிவதற்குள் என் வலது கட்டைவிரல் நகம் கறுத்து விழுந்தது. கிளாப்பர் சத்தமும் அந்த உதையும் எனக்கு ஒன்றாகத்தான் வந்து சேரும். நடுவில் இடைவெளியே இருக்காது. நான் வலியில் கண்ணை மூடித் திறப்பதற்குள் அவன் குடோனின் பாதியில் போய்க்கொண்டிருப்பான். பின்னால் வருகிறவர்களெல்லாம் வேறு ஏதோ போட்டியில் ஓடுகிறவர்கள் மாதிரி இருப்பார்கள். தொம்! சாக்கிலிருந்து ஒரு புகை மாதிரி பஞ்சுத் தூசி எழும்பும். அதற்குள்ளிருந்து தும்மிக்கொண்டே திரும்பி வருவான்.

பி.டி. சாரின் கை வாட்சில் அவன் அறுபது மீட்டரை 6.9-ல் ஓடினான். சிமென்டில், கேன்வாஸ் ஷூவில், என் பாதங்களை பிளாக்காக வைத்து. கை வாட்ச் கொஞ்சம் தாராளமாகத்தான் காட்டும், ஒத்துக்கொள்கிறேன். அப்படியும் அந்த மூன்று மாதத்தில் அவனை யாரும் ஒருமுறைகூடத் தோற்கடிக்கவில்லை. பக்கத்துக் காலேஜிலிருந்து கெஞ்சி அனுமதி வாங்கிக்கொண்டு வந்து ஓடிய இரண்டு பேரும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சரி, இவ்வளவு பெரிய ஆளுக்கு ஏன் கேலிப் பெயர்?

ஏனென்றால் மழை விட்டு மைதானம் காய்ந்ததும் நூறு மீட்டர் ஓட விட்டார்கள். அறுபது வரைக்கும் அவன்தான் ராஜா. எழுபதில் ஒருத்தன் பக்கத்தில் வருவான். தொண்ணூறில் இன்னொருத்தன். கோட்டைத் தாண்டும்போது அவன் மூன்றாவதாக இருப்பான். 11.2. ஒவ்வொரு தடவையும். எடுத்து வைத்த மாதிரி.

அது ஏன் என்று இப்போது படித்துத் தெரிந்துகொண்டேன். நூறு மீட்டரில் யாரும் கடைசி வரைக்கும் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவதில்லை. நம் கண்ணுக்குத்தான் அப்படித் தெரிகிறது. ஐம்பது, அறுபது, மிஞ்சினால் எழுபது எண்பதில் உச்சத்தைத் தொட்டுவிட்டு எல்லோரும் மெதுவாகிறார்கள். தசைக்குள் உடனடி எரிபொருள் ஆறேழு விநாடிக்குத்தான் இருக்கிறது. யார் குறைவாக மெதுவாகிறாரோ அவர் ஜெயிக்கிறார். உசேன் போல்ட் 2009-ல் பெர்லினில் 9.58 ஓடினாரே, அதில் அவருடைய மிக வேகமான இருபது மீட்டர், அறுபதுக்கும் எண்பதுக்கும் நடுவில்தான். நம் ஆசாமிக்கு நேர் எதிர். சீனாவின் சு பிங்டியன் அந்த ஜாதி. குள்ளமான ஆள், கிளம்புகிற வேகம் அசுர வேகம். 2018 உலக இண்டோரில் 60 மீட்டரை 6.42-ல் ஓடி வெள்ளி வாங்கினார். மூன்று வருடம் கழித்து டோக்கியோ ஒலிம்பிக்கில் நூறு மீட்டர் அரையிறுதியை 9.83-ல் ஓடி உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தார். அறுபது ஓடத் தெரிந்தவனை நூறுக்கு இழுத்துக்கொண்டு போக முடியும். ஆனால் அதற்கு வருடக்கணக்கில் ஒருத்தன் கூடவே நின்று சொல்லிக் கொடுக்க வேண்டும். எங்கள் பி.டி. சாருக்கு ஓட்டம், கபடி, வாலிபால், கூடவே காலேஜ் டே மேடை அலங்காரம்.

1987 ஜனவரி. பல்கலைக்கழக மீட். வேறொரு காலேஜ் மைதானம். நூறு மீட்டரில் முதல் இரண்டு பேருக்கு பாரதியார் பல்கலைக்கழக டீமில் இடம். ரிலேக்கு மேற்கொண்டு எடுப்பவர்களை 200 மீட்டரிலிருந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. 200 மீட்டரில் நம்மவன் நிலைமையை நான் சொல்ல வேண்டியதில்லை. டீமில் போய் அகில இந்திய அளவில் ஓடினால், ஃபார்ம் 3 என்று ஒரு சான்றிதழ் கிடைக்கும். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் மத்திய அரசு வேலைக்கு விண்ணப்பிக்க அதுதான் சாவி. ரயில்வே, தபால், வருமான வரி... எங்களைப் போன்ற மில் தொழிலாளி வீட்டுப் பையன்களுக்கு அந்த ஒற்றைக் காகிதம் ஒரு ஏக்கர் தோட்டத்துக்குச் சமம். அவன் அப்பா அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். வெள்ளை வேட்டி, தலையில் பஞ்சு இல்லை.

நான் 400 மீட்டர் ஹீட்ஸிலேயே வெளியே வந்துவிட்டேன். அதனால் நேர்ப்பாதை ஓரமாக வந்து நின்றேன். சரியாக அறுபதாவது மீட்டரில். அது எந்த இடம் என்று எனக்குத் தெரியும், டேப் பிடித்துப் பழகிய கை.

துப்பாக்கி வெடித்தது. முதல் அடியிலேயே அவன் முன்னால். முப்பதில் ஒரு கஜம். ஐம்பதில் அதைவிடக் கூட. அப்படி அவன் ஓடி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என்னைக் கடந்து போகிற அந்த விநாடியில், என்ன சனியன் வாயில் வந்து உட்கார்ந்ததோ, மூன்று மாதப் பழக்கத்தில் கத்தினேன்:

"அறுபது முடிஞ்சுதுடா!"

கேலியாகத்தான் கத்தினேன். உற்சாகப்படுத்துவதற்காக என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். இல்லை, கேலிதான். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் தலை லேசாகத் திரும்பியது. ஒரு கணம். நூறு மீட்டர் ஓடுகிறவன் தலையைத் திருப்பக் கூடாது என்பது ஸ்கூல் பிள்ளைக்கும் தெரியும். தொண்ணூறு வரைக்கும் முதலில்தான் இருந்தான். பிறகு ஒருத்தன் தாண்டினான். கோட்டில் இன்னொருத்தன், மார்பளவுதான். வித்தியாசம் சொல்ல நீதிபதிகள் கூடிப் பேச வேண்டியிருந்தது. மூன்றாவது.

அவன் அப்பா என்னிடம் வந்து, "ஏந் தம்பி, மூணாவதுக்கு ஒண்ணும் தர மாட்டாங்களா?" என்று கேட்டார். "சர்டிபிகேட் உண்டுங்க" என்றேன். ஃபார்ம் 3 இல்லை, மீட்டில் கொடுக்கிற சாதாரணச் சான்றிதழ். அவர் அதை வாங்கி, மடங்காமல் வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

நான் அவனிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. அவனும் கேட்கவில்லை. மார்ச்சில் பி.காம். கடைசிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தோம். அதே மார்ச்சில்தான் இண்டியானாபொலிஸில் அந்த முதல் உலகப் போட்டி. 60 மீட்டரில் கனடாவின் பென் ஜான்சன் 6.41-ல் ஜெயித்தார். அடுத்த வருடம் சியோலில் ஊக்கமருந்தில் மாட்டிக்கொண்டாரே, அவரேதான். பிற்பாடு இந்தப் பதக்கமும் பறிபோய், 6.50 ஓடிய அமெரிக்காவின் லீ மெக்ரே முதலிடத்துக்கு வந்தார். அறுபது மீட்டருக்கு ஒரு உலக சாம்பியன் பட்டம் இருக்கிறது என்பதே கோவையில் எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும் என்ன? அதை ஓட நாட்டில் ஒரு கூரை இல்லை. மாட்டு வண்டி ஊரில் பிறந்த விமானி மாதிரி ஆகிப்போனான் அவன்.

அவன் நொந்து போய்விட்டான் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அப்பாவின் மில்லிலேயே பதிலியாகச் சேர்ந்தான். தொண்ணூறுகளில் மில் மூடியது. கிடைத்த பணத்தில் எட்டுத் தறி போட்டான். சூலூர், சோமனூர்ப் பக்கத்தில் விசைத்தறிக் கொட்டகையை 'தறிக் குடோன்' என்றுதான் சொல்வார்கள். விதியைப் பாருங்கள், ஆள் வாழ்நாள் முழுக்கக் குடோனிலேயே இருந்துவிட்டான். கூலி உயர்வுக்குப் போராட்டம், மின்சார வெட்டு எல்லாம் பார்த்தான். மகளைப் படிக்க வைத்தான், மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அவன் நன்றாகவே இருக்கிறான். உறுத்தல் எனக்குத்தான்.

அந்த உறுத்தல் சில செய்திகளைப் படிக்கும்போது கூடும். ஆசிய இண்டோர் போட்டியே 2004-ல்தான் டெஹ்ரானில் தொடங்கியது. 2016-ல் தோகாவில் ஒடிசாவின் டூட்டி சந்த் 60 மீட்டரில் வெண்கலம் வாங்கினார். 2023 பிப்ரவரியில் கஜகஸ்தானின் அஸ்தானாவில், வெளியே எலும்பை உறைய வைக்கிற குளிரில், நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் மூன்று பேர் வெள்ளி வாங்கினார்கள். ஜெஸ்வின் ஆல்ட்ரின் நீளம் தாண்டுதலில் 7.97 மீட்டர். பிரவீண் சித்திரவேல் மும்முறைத் தாண்டுதலில் 16.98. பவித்ரா வெங்கடேஷ் கோல் ஊன்றித் தாண்டுதலில் 4 மீட்டர். மூன்று பேரும் வெயிலில் தாண்டி வளர்ந்தவர்கள், வெள்ளி வாங்கியது கூரைக்கு அடியில். அதே போட்டியில் 60 மீட்டர் தடை ஓட்டத்தில் வெள்ளி வாங்கிய ஆந்திராவின் ஜோதி யர்ராஜி, அடுத்த வருடம் டெஹ்ரானில் தங்கமே வாங்கிவிட்டார். அந்த வீடியோவிலும் கடைசியில் மெத்தை. இப்போது புவனேஸ்வர் கலிங்கா ஸ்டேடியத்தில் நமக்கும் ஒரு இண்டோர் ட்ராக் வந்துவிட்டது. நல்லது. கொஞ்சம் சீக்கிரம் வந்திருக்கலாம், ஒரு முப்பத்தெட்டு வருடம் முன்னால்.

மணிவிழாவுக்குப் போனேன். "திருக்கடையூர் வரைக்கும் யாருடா போறது, தறி நின்னு போகும்" என்று சூலூரிலேயே ஒரு மண்டபத்தில் வைத்திருந்தான். தலை முழுக்க நரை, கழுத்தில் ரோஜா மாலை. பார்த்ததும் மேடையிலிருந்தே, "ஏண்டா, நகம் மொளச்சுதா?" என்று கேட்டான். வந்திருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

கூட்டம் குறைந்ததும் ஓரமாக உட்கார வைத்து அந்த மிச்சிகன் வீடியோவைக் காட்டினேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தான்.

"என்னடா இது, பாதியிலயே முடிச்சுட்டாங்க?"

"பாதி இல்லடா. ரேஸே அவ்வளவுதான். அறுபது மீட்டர்."

"அறுபதா?"

"அறுபதேதான். ஒலக சாம்பியன்ஷிப் எல்லாம் இருக்குது."

"எப்பலேர்ந்து?"

"எம்பத்தேழு மார்ச்சு."

விரலை மடக்கினான். "நாம மீட்டுல ஓடி ரெண்டு மாசங் கழிச்சு" என்றான். பிறகு போனை வாங்கி மறுபடி ஓட விட்டான். மறுபடி. நாலாவது தடவை, அந்தப் பெண்கள் மெத்தையில் மோதுகிற இடத்தில் விரலால் நிறுத்தி, பெரிதாக்கிப் பார்த்தான். "மெத்தை நல்லாத்தான் வெச்சிருக்கறானுக. தூசி வராது."

அப்போதுதான் கேட்டுவிட்டேன். முப்பத்தொன்பது வருடம் அடைகாத்தது. "அன்னிக்கு மீட்டுல... நாந்தாண்டா கத்துனேன்."

"தெரியும். உன்ற கொரலு எனக்குத் தெரியாதா?"

"நீ திரும்பிப் பாத்தே."

"உன்னையவா பாத்தேன்?" என்று சிரித்தான். "மூணு மாசமா அறுபது முடிஞ்சா பேலு வந்துரும். ஒடம்பு அதுக்குப் பழகிப் போச்சு. கையத் தூக்கி மூஞ்சிய மறைக்கோணும்னு தோணுது, எதுக்க பாத்தா பேலக் காணோம். வெறும் மைதானம். எங்கடா போச்சுன்னு பாத்தேன்."

நிஜமாகவா, எனக்காகச் சொல்கிறானா? அவன் முகத்தைப் பார்த்தேன். மாலையிலிருந்து உதிர்ந்த ரோஜா இதழை எடுத்துத் தட்டிக்கொண்டிருந்தான்.

அவன் மனைவி வந்து, "அண்ணா, எல போட்டாச்சுங்க, சாப்டுட்டுத்தான் போகோணும். இவரு பேசுனா பேசிக்கிட்டேதான் இருப்பாரு" என்றார். எழுந்தோம். பந்தி நடக்கிற ஹால் வாசலில் அவன் நின்றுவிட்டான். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் கண்ணால் அளந்தான்.

"எவ்வளவுடா வரும்?"

"நாப்பது."

"நாப்பத்தஞ்சு வரும். அந்தக் கதவத் தொறந்து உட்டா, சமையக்கட்டு வரைக்கும் அறுபது தேறும்."

எட்டிப் பார்த்தான். சமையல்கட்டின் பின்சுவரை ஒட்டி அரிசி மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

"மூட்டையும் இருக்குது" என்றான்.